விராலின் வாயிலிருந்து தொடங்குவோம்

இன்று விற்பனைக்கு வரும் தூண்டில் தடி, நூல் சுற்றும் றீல், லூர் எனப்படும் செயற்கை இரை ஆகியவற்றின் பெட்டிகள் பலவற்றில் ‘பாஸ்’ என்று அச்சிட்டிருக்கும். பாஸ் என்பது வட அமெரிக்க ஏரிகளின் மீன். பெரிய வாய், அகன்ற உடல், ஒளிந்திருந்து பாயும் குணம். அந்த ஒரு மீனைப் பிடிப்பதற்காகவே நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தொழில் வளர்ந்து, தூண்டில் சந்தையில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. பூநகரிப் பிரதேசத்தின் ஜெயபுரத்தில் இருப்பவர் இந்தப் பெட்டியை வாங்கி என்ன செய்வது? இங்கே பாஸ் இல்லை. ஆனால் கரியாலை நாகபடுவான், வன்னேரிக்குளம், அக்கராயன் போன்ற குளங்களில் விரால் இருக்கிறது. மேற்கே கிராஞ்சி, வலைப்பாடு, நாச்சிக்குடாப் பக்கம் போனால் கடல்; நன்னீர் உவர்நீரோடு கலக்கும் இடங்களைத் தேடி வரும் கொடுவா இருக்கிறது.

தடியை முதலில் வாங்கி, அதற்கு ஏற்ற நூலைப் பிறகு தேடி, கடைசியில் கையில் அகப்பட்ட லூரை மாட்டுவதுதான் பலரும் செய்வது. இந்த அத்தியாயம் சொல்வது அதற்கு நேர்மாறானது. மீனின் வாயிலிருந்து தொடங்குங்கள். வாய் லூரைத் தீர்மானிக்கும். லூரும் நீரும் சேர்ந்து நூலைத் தீர்மானிக்கும். நூலும் லூரும் தடியைத் தீர்மானிக்கும்.

குடும்பம் வேறு, தொழில் ஒன்று

விராலுக்கும் பாஸுக்கும் உறவு கிடையாது. உடலமைப்பிலும் ஒற்றுமை குறைவு. ஆனால் இரண்டும் செய்யும் தொழில் ஒன்றே: ஆழம் குறைந்த, செடி நிறைந்த நீரில் அசையாமல் கிடந்து, தலைக்கு மேலே எது போனாலும் ஒரே பாய்ச்சலில் கவ்வுவது. தொழில் ஒன்றானால் அதற்கான கருவியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் குரொஃப்டன் என்ற ஊர்க் குளத்தில் ஆசிய விரால் இனமொன்று பெருகியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டுப் பெரிய பரபரப்பானது. பிறகு அதே இனம் பொட்டோமக் ஆற்றிலும் காணப்பட்டது. அந்த விராலைப் பிடிக்க அமெரிக்கர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பாஸுக்கென்று வாங்கிய றப்பர் தவளை லூரே போதுமாக இருந்தது.

பாஸுக்கு இல்லாத ஒரு பலவீனம் விராலுக்கு உண்டு. அது மூச்சுவிட மேலே வந்தே ஆகவேண்டும். 30 பாகை வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீரில் கரையக்கூடிய ஒட்சிசன் சுமார் 7.5 மில்லிகிராம்தான். ஒரு லீற்றர் காற்றிலோ அதைப்போல் 30 மடங்குக்கு மேல் உண்டு. சிறுபோகம் முடிந்து குளம் வற்றும் காலத்தில், அழுகும் செடிகள் அந்தச் சொற்ப ஒட்சிசனையும் தின்றுவிடும். விரால் தலைக்குள் இருக்கும் மேலதிகச் சுவாச அறையில் காற்றை அடைத்துக்கொண்டு பிழைக்கிறது. ஈரம் காயாத சேற்றுக்குள் புதைந்துகூட நாட்களைக் கடத்தும். இதற்கு அது கொடுக்கும் விலை ஒன்று உண்டு: பூக்கள் எனப்படும் செவுள்கள் மட்டும் அதற்குப் போதாது. மேலே வரவிடாமல் வலையில் சிக்கவைத்தால் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். ஆகவே காலையில் குளக்கட்டில் நிற்பவர் லூரை எறியுமுன் நீரைப் பார்ப்பது நல்லது. ஆம்பல் இலைகளுக்கு நடுவே ‘பொளக்’ என்று ஒரு சத்தமும், ஒரு வட்டமும், இரண்டு மூன்று குமிழியும் தெரிந்தால் அங்கே விரால் இருக்கிறது. எறிய வேண்டிய இடத்தை மீனே காட்டிக்கொடுத்துவிட்டது.

மீன் உங்களை எப்படிப் பார்க்கிறது

நீரிலிருந்து காற்றுக்குப் போகும் ஒளிக்கு அவதிக் கோணம், அதாவது அதைத் தாண்டினால் ஒளி வெளியேறாமல் திரும்பிவிடும் கோணம், சுமார் 48.6 பாகை. இதன் விளைவாக, கிணற்றுக்குள் இருந்து பார்ப்பவருக்கு வானம் வட்டமாகத் தெரிவதுபோல, மீனுக்கும் வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு மீற்றர் ஆழத்தில் கிடக்கும் விராலுக்கு அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 2.3 மீற்றர். அதற்கு வெளியே நீர்மட்டம் கண்ணாடியாகி, குளத்தின் அடியையே அதற்குத் திருப்பிக் காட்டும்.

வட்டத்தின் விளிம்பில் தெரிபவை மிகவும் நசுங்கியும் மங்கியும் தெரியும். நீர்மட்டத்திலிருந்து பார்க்க 10 பாகைக்குக் கீழே இருக்கும் எதுவும் மீனுக்குப் பெரிதாகப் புலப்படாது. கட்டின் மேல் நிமிர்ந்து நிற்பவர் இந்தக் கோணத்துக்கு மேலே வந்துவிடுவார். அலைகரைப் பக்கம் இறங்கி, தலை நீர்மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் இருக்கும்படி குந்தியிருந்து, ஆறு மீற்றர் தள்ளி எறிபவர் அதற்குள் அடங்கிவிடுவார். செலவில்லாத உபகரணம் இதுதான்.

சத்தத்துக்கும் இதேபோல் ஒரு கணக்கு உண்டு. காற்றில் பேசும் பேச்சின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் போகிறது. பக்கத்தில் இருப்பவரோடு கதைப்பதால் மீன் ஓடாது. ஆனால் கட்டில் தொம் தொம்மென்று நடந்தால் அந்த அதிர்வு மண் வழியாக நேரே நீருக்குள் இறங்கும். மீனின் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோடு என்ற புலன் இத்தகைய மெல்லிய அசைவுகளை உணரவே அமைந்தது. கலங்கிய நீரிலும் இருட்டிலும் இரையை அது தேடுவது பெருமளவு இந்தப் புலனால்தான்.

லூர்: யாருக்காகப் பூசிய நிறம்?

செயற்கை இரையின் வரலாற்றில் தவளைக்கு முதல் வரிசையில் இடமுண்டு. 1890களின் இறுதியில் மிச்சிகன் மாநிலத்தில் ஜேம்ஸ் ஹெடன் மரத்தில் தவளைகளைச் செதுக்கினார். அவர் தொடங்கிய தொழில் பிறகு அமெரிக்காவின் பெரிய லூர் நிறுவனங்களில் ஒன்றானது. 1936இல் பின்லாந்து மீனவர் லவுரி ரபாலா இன்னொரு பக்கமிருந்து வந்தார். பெரிய மீன்கள் கூட்டத்தில் நோஞ்சானாகத் தள்ளாடும் குஞ்சையே குறிவைத்துக் கவ்வுவதைக் கவனித்த அவர், தக்கையைச் செதுக்கி, சொக்கலேற் சுற்றிய தாளை ஒட்டி, அதே தள்ளாட்டத்தை உண்டாக்கினார். அவருடைய லூரின் முகத்தில் உள்ள சிறு தகடு நீரைக் கிழிக்கும்போது இருபுறமும் மாறி மாறிச் சுழிகள் கழன்று போகும். அந்தச் சுழிகள்தான் லூரை இடமும் வலமும் ஆட்டுகின்றன. பக்கக்கோட்டுக்குப் போய்ச் சேரும் செய்தி அந்த ஆட்டமே.

ரபாலாவின் வகை லூர் திறந்த நீரில் அருமையாக வேலை செய்யும். ஆம்பலும் சல்வீனியாவும் மூடிய வன்னிக் குளத்தில் அதை எறிந்தால், மும்முனைத் தூண்டில் முள் முதல் எறிதலிலேயே செடியைக் கொழுவிக்கொண்டு வரும். இங்கேதான் றப்பர் தவளை வருகிறது. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்தாறு சென்ரிமீற்றர் நீளம், 10 முதல் 15 கிராம் எடை. உள்ளே வெற்றிடம். வயிற்றின் கீழ் ஈயம் அல்லது வேறு உலோகக் கனம் இருப்பதால் எப்படி எறிந்தாலும் நிமிர்ந்தே விழும். பின்புறமிருந்து இரண்டு முட்கள் புறப்பட்டு முதுகோடு ஒட்டி, கூர்முனை மேலே பார்த்தபடி படுத்திருக்கும். செடி மேல் இழுத்தால் முள் எதிலும் படாது. பெருவிரலால் முதுகை அமுக்கினால் உடல் சப்பையாகி முள் எழும்பும். விரால் கவ்வும்போது அதன் தாடை செய்வதும் இதே வேலை. வாங்கும்போது கடையிலேயே அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்து முள் வெளியே வராத தவளையை, விலை குறைவென்றாலும், வைத்துவிட்டு வாருங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். கடையில் பச்சை, மஞ்சள், புள்ளி போட்ட முதுகுகள் வரிசையாகத் தொங்கும். விரால் கீழேயிருந்து பார்ப்பதால் அந்த முதுகு அதன் கண்ணில் படுவதில்லை. அதற்குத் தெரிவது வயிறும், வெளிச்சமான வானத்தின் எதிரே நிற்கும் நிழலுருவும்தான். மழை கழிந்து செம்மண் கலங்கிய குளத்தில் நீல ஒளி விரைவாக உறிஞ்சப்பட்டு, மஞ்சளும் சிவப்பும் சார்ந்த ஒளியே மிஞ்சும். அந்த நீரில் நிழலுரு துல்லியமாக விழுவது கறுப்பில். கறுப்பு ஒன்று, வெள்ளை வயிறுள்ளது ஒன்று என இரண்டே தவளை இருந்தால் குளத்துக்குப் போதும். மிச்ச நிறங்கள் மீனை அல்ல, வாங்குபவரைப் பிடிக்கப் பூசியவை.

திலாப்பியாவுக்கு இவை எதுவும் பெரிதாக உதவாது. அதன் உணவில் பாசியும் அழுகலுமே பெரும்பங்கு. அதற்கு மண்புழுவும் மாவுருண்டையும் சிறு முள்ளும் மிதப்பும் போதும்.

நூல்: இறாத்தலுக்குள் ஒளிந்திருப்பது

கடையில் நடக்கக்கூடிய ஓர் உரையாடல்:

“அண்ணை, இது எவ்வளவு தாங்கும்?”

“நாற்பது இறாத்தல் தம்பி. பதினெட்டுக் கிலோ வரும்.”

“அப்ப பதினெட்டுக் கிலோ மீன்தான் பிடிக்கலாமோ?”

“அதை விடப் பெரிசும் பிடிக்கலாம். முடிச்சை ஒழுங்காய்ப் போடும்.”

கடைக்காரர் சொல்வது சரி. நீருக்குள் மீனின் எடையை மிதப்பு விசை ஏறக்குறைய முழுவதும் ஈடுசெய்துவிடுகிறது. நூல் தாங்குவது மீனின் எடையை அல்ல, அது நீந்தி இழுக்கும் விசையை. நூல் அறுவதும் பெரும்பாலும் நடுவில் அல்ல, முடிச்சில்.

வன்னியில் தங்கூசி என்று அழைக்கப்படும் நூல் நைலோன் ஒற்றையிழை. 1930களில் அமெரிக்காவின் டுபொன்ட் ஆய்வுகூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் உருவாக்கிய பொருள். நைலோன் மூலக்கூறுகளுக்கு நீர்மேல் விருப்பம் அதிகம்; நனைந்தால் நீரை உள்ளே வாங்கி, சற்றுப் பலம் குறைந்து, மேலும் இளகும். வெயிலில் கிடந்தால் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கும். நூலின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அதாவது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.3 மில்லிமீற்றர் தங்கூசியை விட 0.6 மில்லிமீற்றர் தங்கூசி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு தாங்கும்.

தங்கூசியின் பெரிய குணம் இழுபடுதல். அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்கூட அது நீளும். 20 மீற்றர் தூரத்தில் விரால் தவளையைக் கவ்வுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சுண்டுகிறீர்கள். நூல் 5 விழுக்காடு நீண்டாலே ஒரு மீற்றர் போய்விட்டது. தடியின் நுனி நகர்ந்த தூரம் நூலுக்குள்ளேயே செலவாகி, விராலின் எலும்பான வாயில் முள் இறங்குவதில்லை. ‘கவ்வினது, ஆனால் கொழுவுப்படவில்லை’ என்ற முறைப்பாட்டுக்கு அடிக்கடி காரணம் இதுதான்.

பிரெய்ட் எனப்படும் பின்னல் நூல் இதற்கான விடை. மிக நீண்ட பொலித்தீன் மூலக்கூறுகளை ஒரே திசையில் நேராக்கி இழுத்த நார் அது. அறுமுன் நான்கு விழுக்காட்டளவுதான் நீளும். ஒரே பலத்துக்குத் தங்கூசியை விட மிக மெல்லியது. அடர்த்தி 0.97 என்பதால் மிதக்கும். மேல்மட்டத்தில் ஓடும் தவளையின் மூக்கைக் கீழே இழுக்காது. மெல்லியதாக இருப்பதால் செடித் தண்டை அறுத்துக்கொண்டும் வரும். அதன் குறை வழுக்குதல். தங்கூசிக்குப் போடும் சாதாரண முடிச்சு இதில் உருவிக்கொண்டு போகும். நூலை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணுக்குள் நுழைத்து, ஒரு தளர்ந்த முடிச்சுப் போட்டு, மடிப்பின் வளையத்துக்குள் லூர் முழுவதையும் புகுத்தி இறுக்குவதே இதற்கு ஏற்ற பலோமர் முடிச்சு. எந்த நூலானாலும் இறுக்குமுன் முடிச்சை எச்சிலால் நனையுங்கள். காய்ந்த நூல் உராயும்போது எழும் சூடு அந்த இடத்திலேயே அதைப் பலவீனமாக்கும்.

மூன்றாவது வகை புளோரோகாபன். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் முறிவுச் சுட்டி நீருக்கு 1.33, நைலோனுக்குச் சுமார் 1.53; இதற்கு 1.42. நீருக்கு நெருக்கமாக இருப்பதால் தெளிந்த நீரில் கண்ணுக்குக் குறைவாகவே தெரியும். இதற்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். செடி மூடிய, கலங்கல் குளத்தில், மேல்மட்டத்தில் தவளை ஓட்டுபவருக்கு அந்தப் பணம் வீண்.

தடி: நெம்புகோல் யார் பக்கம்?

நீளமான தடி மீனை இழுக்க உதவும் என்று நினைப்பதுண்டு. கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. ஏழு அடி, அதாவது 2.1 மீற்றர் தடி. அடிமுனை இடுப்பில், அதற்கு 30 சென்ரிமீற்றர் மேலே கை. நுனியில் மீன் 2 கிலோ விசையோடு செங்குத்தாக இழுக்கிறது. தடி வளையாத இரும்புக் கம்பியாக இருந்தால் கை தாங்கவேண்டியது 2.1-ஐ 0.3-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கிய அளவு, அதாவது 14 கிலோ. நெம்புகோல் மீன் பக்கம் நிற்கிறது! தடி வளைந்து, மீனின் இழுவைக்கும் இடுப்புக்கும் இடையேயுள்ள தூரம் 1.2 மீற்றராகச் சுருங்கினால் கைக்கு வருவது 8 கிலோ. வளைவுதான் உங்களைக் காப்பாற்றுகிறது. மீன் திடீரென்று உதறும்போது நூலைக் காப்பாற்றுவதும் அதுவே. நீளம் உண்மையில் உதவுவது தூரம் எறியவும், செடிக்கு மேலால் நூலைத் தூக்கிப் பிடிக்கவும்.

மூங்கில் தடியை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் அமைப்பு வியப்பூட்டும். வளையும் தடியில் நடுப்பகுதி அதிகம் வேலை செய்வதில்லை. மூங்கிலில் நடுவே எதுவுமில்லை. விசை அதிகம் விழுவது வெளிச்சுவரில். மூங்கிலின் நார்கள் அங்கேதான் செறிந்திருக்கின்றன. 1940களில் வந்த கண்ணாடி நார்த் தடியும் 1970களில் பரவிய காபன் தடியும் நார், அதைக் கட்டும் பசை, நடுவே வெற்றிடம் என்ற மூங்கிலின் வழியையே பின்பற்றின. காபன் நாரின் விறைப்பைக் காட்டும் யங்கின் மட்டு கண்ணாடி நாரை விட மூன்று மடங்களவு அதிகம், அடர்த்தியோ குறைவு. அதனால் தடி மெலிந்து, இலேசாகி, தவளையின் சிறு அசைவும் கைக்குத் தெரியும். ஆனால் கல்லில் அடிபட்டாலோ, மீனைத் தூக்கும்போது தடியைத் தலைக்குப் பின்னால் சாய்த்தாலோ காபன் சடக்கென்று முறியும். கண்ணாடி நார் அந்த அடியையும் பொறுத்துக்கொள்ளும். புதிதாகப் பழகுபவருக்கு இரண்டும் கலந்த தடி நல்லது.

கைப்பிடிக்கு மேலே சிறு எழுத்தில் லூரின் எடை எல்லை அச்சிட்டிருக்கும். எறியும்போது லூரின் எடைதான் தடியை வளைத்து ஆற்றலைச் சேமிக்கிறது. எல்லைக்குக் கீழான லூர் தடியை வளைக்காது. அதனால் தூரம் போகாது. தவளைக்கு 10 முதல் 30 கிராம் எல்லை, ஆறரை முதல் ஏழு அடி நீளம், நுனிப்பகுதி மட்டும் விரைந்து வளையும் விறைப்பான தடி; நூல் 30 முதல் 50 இறாத்தல் பிரெய்ட். றீல் எறியப் பழகுவதற்கு எளிதான ஸ்பின்னிங் வகையாக இருந்தாலே போதும்.

மீன் மாறினால்

கொடுவாவையும் ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்பார்கள். ஆனால் அதற்குத் தவளைப் பெட்டி பொருந்தாது. அது கவ்விப் பிடிப்பதை விட வாயைச் சட்டென்று விரித்து, நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். நூல் விறைப்பாக இருந்தால் லூர் வாய்க்குள் போகாது. ஆகவே சற்றுத் தளர்வு வேண்டும். அதன் செவுளை மூடும் பூமூடியின் விளிம்பு கத்தி போன்ற கூர்மை உடையது. பிரெய்ட் அதில் பட்டால் அறும். எனவே நுனியில் ஒரு மீற்றர் தடித்த தங்கூசியோ புளோரோகாபனோ இணைக்கவேண்டும். இங்கே அந்தக் கூடுதல் பணம் நியாயமானது. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பின் பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியவை பெரும்பாலும் சினை தரும் பெண்கள் என்பதால் அவற்றைத் திரும்ப விடுவது வருங்காலத்துக்கு நல்லது. விராலிலும் அப்படியொரு விலக்கு உண்டு. மாரி மழையோடு செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போகும். கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அப்போது தவளையை எறிந்தால் பசியால் அல்ல, கோபத்தால் பாயும். அந்த இரண்டையும் பிடித்தால் குஞ்சுகள் அனைத்தும் மற்ற மீன்களுக்கு இரை.

கொண்டுவரக்கூடாதது

கருவியைக் கொண்டுவரலாம், மீனைக் கொண்டுவரக்கூடாது. 1925இல் ஜப்பானின் அஷி ஏரியில் அமெரிக்க பாஸ் விடப்பட்டது. அது நாடு முழுவதும் பரவி உள்ளூர் மீன்களை அழித்ததால் 2005இல் ஆக்கிரமிப்பு இனமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. உலகிலேயே பெரிய பாஸ்களில் ஒன்று 2009இல் அதே நாட்டின் பிவா ஏரியில் பிடிபட்டது. சுமார் 10.1 கிலோ. அது சமன்செய்தது 1932இல் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்ற இளம் விவசாயி பிடித்த மீனை. பெரியும் அவருடைய நண்பரும் அன்று ஒரே தடியையும் ஒரே லூரையும் மாறி மாறிப் பயன்படுத்தினார்கள் என்பது, நிறைய வாங்கினால்தான் பிடிக்கலாம் என்று நம்புபவர்கள் நினைவில் வைக்கவேண்டிய செய்தி.

வாங்கியதும் நான்கு காரியங்களை மறக்கவேண்டாம். குளத்தில் தொழில் செய்யும் நன்னீர் மீனவர் சங்கத்திடம் கேட்டுவிட்டே எறியுங்கள். அங்கே விடப்படும் குஞ்சுகளை நம்பி வாழ்பவர்கள் அவர்கள். வன்னிக் குளங்களில் முதலை உண்டு. கொழுவிய தவளையை எடுக்க இடுப்பளவு நீரில் இறங்குவதை விட அதை இழப்பது மலிவு. காபன் மின்னைக் கடத்தும். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கத் தொடங்கினால் திறந்த கட்டில் ஏழு அடித் தடியோடு நிற்கவேண்டாம். பழைய நூலை நீரில் எறியாமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அது மட்காது, கொக்கின் காலையும் ஆமையின் கழுத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கையில் இருக்கும் பணத்தில் முதலில் நல்ல முள்ளுள்ள இரண்டு தவளை வாங்குங்கள், அடுத்து நல்ல பிரெய்ட் வாங்குங்கள், மிஞ்சியதற்குத் தடி வாங்குங்கள். விரால் தடியின் விலையைப் பார்ப்பதில்லை.